கேஸ் கீசர் பட்டறையில் பிறந்த உலோக விமானம்: யார் இந்த ஹியூகோ யுங்கர்ஸ்?

ஏர்போர்ட்டில் லக்கேஜ் பெல்ட் முன்னால் நின்றிருந்தால் கவனித்திருப்பீர்கள். வெள்ளி நிறத்தில், உடம்பு முழுக்க வரிவரியாகப் பள்ளம் ஓடும் அலுமினிய சூட்கேஸ். ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த டிசைன் அது. அந்த வரிகள் சும்மா அழகுக்காக யாரோ வரைந்தவை அல்ல. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே பறந்த ஒரு விமானத்தின் உடம்பைப் பார்த்து எடுத்தவை. அந்த விமானத்தைச் செய்தவர் ஹியூகோ யுங்கர்ஸ்.

இந்தப் பெயரை இணையத்தில் தேடினால், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானப் படங்கள்தான் வரிசை கட்டும். ஹிட்லரின் ஆள் போல என்று தோன்றும். ஆனால் கதையே வேறு. அந்தப் போர் விமானங்களில் பேர் போன ‘ஸ்டூகா’ முதன்முதலாக வானில் ஏறியபோது யுங்கர்ஸ் உயிரோடு இல்லை. அதற்கும் முன்பே நாஜி அரசு அவரது தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொண்டு, அவர் 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று துரத்தியிருந்தது.

ஏன் அப்படி? அரசியல் பக்கம் போவதற்கு முன்னால், பட்டறைப் பக்கம் ஒரு எட்டு போய் வர வேண்டும்.

தகடை வளைக்கிறதுல அப்படி என்ன கஷ்டம்?

எவர்சில்வர் டம்ளர் எப்படி உருவாகிறது? பிரஸ் மெஷினில் டை பொருத்தி, தகடை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறார்கள். டம்ளர் வந்துவிடும். இதில் பெரிய செலவு டை செய்வதுதான். லட்சம் டம்ளர் அடித்தால் அந்தச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் துளியாகப் பிரிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது 20 டம்ளர்தான், அதுவும் கடையில் இல்லாத ஒரு வடிவத்தில் என்றால்? டை செய்து தர யாரும் முன்வர மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். பல பேருக்கு வருஷக்கணக்கில் ஓடும் பொழுதுபோக்கு. அவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இறக்கைக்கு வடிவம் தருவது உள்ளே வரிசையாக நிற்கும் ‘ரிப்’ எனப்படும் விலாத் தகடுகள். ஒரு விமானத்துக்கு இருபது, முப்பது போதும். பிரஸ் கம்பெனியைப் பொறுத்தவரை அது ஆர்டரே கிடையாது.

அதனால் மரத்தைப் பிடிக்கிறார்கள். ரிப்பின் வடிவத்தில் கெட்டியான மரக்கட்டை இரண்டு அறுத்து, அரை மில்லிமீட்டரில் இருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள அலுமினியத் தகடை நடுவில் சாண்ட்விச் போல வைத்து இறுக்குவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கொட்டாப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடக்குவார்கள். கேட்க சுலபம். ஆனால் அலுமினியம் மடக்கிய இடத்தில் நிற்காது, கையை எடுத்ததும் சில டிகிரி திரும்பி வரும். அதற்காகவே கட்டையின் ஓரத்தை 90 டிகிரிக்கும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சீவி வைக்க வேண்டும். இன்னொரு தொல்லை வளைவான ஓரம். அங்கே மடக்கும்போது தகடு மிச்சம் விழும், கன்னாபின்னாவென்று சுருங்கும். இதற்கென்றே இருக்கும் குறடால், பாவாடைக்குக் கொசுவம் வைப்பது போல, ஓரத்தில் சின்னச் சின்ன மடிப்புகள் வைத்து அந்த மிச்சத்தை விழுங்கவைப்பார்கள்.

அந்தக் கொசுவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யுங்கர்ஸ் கிட்டத்தட்ட ஒரு விமானம் முழுவதையுமே கொசுவத்தால் கட்டியவர்.

பேராசிரியர், கீசர் முதலாளி

1859 பிப்ரவரி 3 அன்று, இன்றைய ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ரைட் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு நெசவுத் தொழில், வசதியான குடும்பம். பொறியியல் படித்து முடித்து, 1888-ல் டெஸாவ் நகரத்துக்கு வந்தார். அங்கே ஒரு கேஸ் கம்பெனியில் என்ஜின் ஆராய்ச்சி. கேஸ் எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்று துல்லியமாக அளக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அவரே ஒன்றைச் செய்துகொண்டார்.

அந்தக் கருவியில்தான் அவரது மொத்த வாழ்க்கையும் ஒளிந்திருந்தது. வெப்பம் வீணாகாமல் தண்ணீருக்குப் போக வேண்டும் என்றால், நடுவில் இருக்கும் உலோகச் சுவர் முடிந்தவரை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு, ஆனால் ஒழுகக் கூடாது, நசுங்கவும் கூடாது. இதைக் கற்றுக்கொண்டவருக்கு அடுத்த யோசனை தானாக வந்தது. இதே வழியில் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கினால் என்ன? 1895-ல் டெஸாவில் தொடங்கிய யுங்கர்ஸ் கம்பெனி கேஸ் கீசர் விற்றே பணம் பார்த்தது. 1897-ல் ஆஹன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலையும் கிடைத்தது. இந்தப் பக்கம் வகுப்பு, அந்தப் பக்கம் கீசர் ஃபேக்டரி.

விமானத்தின் பக்கம் அவர் திரும்பியபோது வயது கிட்டத்தட்ட 50. இன்றைய ஸ்டார்ட்அப் உலகத்தில் அந்த வயதில் யாரும் பணம் போட மாட்டார்கள். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. கீசர் லாபம் இருந்தது. கல்லூரியில் சக பேராசிரியராக இருந்த ஹான்ஸ் ரைஸ்னர் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் இறக்கைக்கான நெளிநெளியான அலுமினியத் தகடுகள் டெஸாவில் யுங்கர்ஸின் பட்டறையில் உருவாயின. 1912-ல் அது பறந்தது. மரச்சட்டமும் துணியும் கம்பிக்கட்டும்தான் விமானம் என்றிருந்த காலம் அது. அதற்கிடையே 1910-ல், உள்ளே கூடாக இருக்கும் தடித்த இறக்கை ஒன்றுக்கு யுங்கர்ஸ் காப்புரிமை வாங்கினார். வெளியே கம்பி எதுவும் இல்லாமல், இறக்கை தன் பலத்தில் தானே நிற்க வேண்டும். அதற்கு மரம் சரிப்படாது, உலோகம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

தகரக் கழுதை

1915 டிசம்பர் 12. பெர்லின் அருகே டோபெரிட்ஸ் மைதானம். ஜே1 என்ற விமானம் தரையை விட்டுச் சில மீட்டர் எழும்பியது. முழுக்க உலோகத்தில் கட்டி, மனிதரைச் சுமந்து பறந்த நடைமுறை விமானங்களின் வரிசை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அது அலுமினியம் இல்லை, இரும்புத் தகடு. கீசர் பட்டறைக்கு மெல்லிய எஃகுத் தகடை மின்சாரத்தில் வெல்டிங் செய்யும் வித்தை கைவந்திருந்தது. அதனால் கைக்குத் தெரிந்த பொருளில் கட்டினார்கள். மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம் வந்தது. எடை அதிகம், உயரம் ஏறுவதற்குள் முக்கிமுனகும். ‘தகரக் கழுதை’ என்று கேலிப் பெயர் விழுந்தது. பொருத்தமான பெயர்தான்.

எடைக்குத் தீர்வு ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1906-ல் ஆல்ஃப்ரெட் வில்ம் என்ற உலோகவியலாளர், அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்து, சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார். முதலில் ஏமாற்றம், மென்மையாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து அதே துண்டைச் சோதித்தால் கெட்டியாகியிருந்தது. யாரும் தொடாமல், சும்மா கிடந்தே கெட்டியாகும் உலோகம். டியூரன் ஊர் ஆலை தயாரித்ததால் ‘டியூராலுமின்’ என்று பெயர் வந்தது. வில்ம் பின்னாளில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். அது தனிக் கதை.

பட்டறைக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிழ்த்தி எடுத்த முதல் ஒரு மணி நேரம்தான் தகடு சொன்ன பேச்சு கேட்கும். பிறகு முறுக்கிக்கொள்ளும், மீறி மடக்கினால் வெடிக்கும். பின்னாளில் விமான ஆலைகளில் ரிவெட்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து எடுத்து அடித்ததற்குக் காரணம் இதுதான். குளிரில் அந்தக் கெட்டிப்படுதல் தள்ளிப்போகும்.

சரி, இவ்வளவு பிடிவாதமான தகடை, டை செய்யாமல், பெரிய பிரஸ் இல்லாமல், எப்படி விமானமாக்குவது?

விசிறி மடிப்பு

ஒரு தாளை ஒரு முனையில் பிடித்து நீட்டுங்கள். தொங்கிவிடும். அதையே விசிறி போல மடித்து நீட்டுங்கள். நேராக நிற்கும். யுங்கர்ஸின் விடை இவ்வளவுதான். நம்ம ஊர்க் கூரைத் தகரம் போல நெளி விட்ட டியூராலுமின் தகடால் இறக்கையையும் உடம்பையும் போர்த்தினார்.

இதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் வெளியே தெரியாது. நெளி, தகடை ஒரே திசையில் மட்டும் மடக்குகிறது. கிண்ணம் போல இரண்டு திசையிலும் வளைக்க டை வேண்டும், நெளிக்கு வேண்டாம். ஒரு முறை நெளி விட்டுவிட்டால் தகடு தானே விறைப்பாக நிற்கும். அதனால் உள்ளே முட்டுக்கொடுக்க நூறு விதமான குட்டிக் குட்டித் தகடுகளை மடக்கி எடுக்க வேண்டிய வேலை குறைகிறது. இறக்கையின் நீளவாக்கில் வரும் பாரத்தைத் தாங்க உள்ளே டியூராலுமின் குழாய்கள். எல்லாவற்றையும் பிடித்துவைக்க ரிவெட். வடிவத்தைப் பட்டறைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டதுதான் இங்கே நடந்தது. வடிவத்துக்காகப் பட்டறையை மாற்றப் போனால் அவர் கையில் இருந்த காசு தாங்கியிருக்காது. குறையும் இருக்கத்தான் செய்தது. நெளி காற்றைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும், வேகம் குறையும். அது அன்றைய வேகத்தில் பெரிதாக உறுத்தவில்லை.

1917-ல் இந்த முறையில் வந்த ராணுவ விமானத்துக்கு வீரர்களிடம் நல்ல பெயர். விமானியைச் சுற்றி 5 மில்லிமீட்டர் எஃகுக் கவசம் இருந்தது. ஆனால் ராணுவத்துக்கு எண்ணிக்கை வேண்டும். யுங்கர்ஸின் ஆட்களோ சோதனை செய்வதில் மன்னர்கள், குவியல் குவியலாகத் தயாரிப்பதில் மந்தம். பொறுமை இழந்த ராணுவம், வேகமாக விமானம் கட்டுவதில் பேர் வாங்கிய ஆந்தனி ஃபோக்கருடன் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. இருவருக்கும் ஒத்தே வரவில்லை. போர் முடிவதற்குள் வந்தவை 227 விமானங்கள்தான். சிறிய அளவில் நன்றாகச் செய்பவரைப் பெரிய அளவில் செய் என்று அரசு நெருக்கியது இது முதல் முறை.

போர் முடிந்தது, பயணிகள் ஏறினார்கள்

1919 ஜூன் 25. உலகப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எஃப்13 பறந்தது. முழுக்க உலோகத்தால் ஆன முதல் பயணிகள் விமானம். மூடிய கேபினில் நான்கு பேர் உட்காரலாம். உள்ளே வெப்பமூட்டி உண்டு. கீசர்காரர் அதை மறப்பாரா? ராணுவ விமானத்தைத் தட்டிக்கொட்டி மாற்றியதும் அல்ல, பயணிகளுக்காகவே வரைந்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது எண்ணிக்கைதான். எஃப்13 உலகம் முழுக்கப் போனது, பல நாடுகளில் விமானப் போக்குவரத்தையே தொடங்கிவைத்தது. ஆனால் 13 ஆண்டுகளில் மொத்தம் கட்டியவை 300 சொச்சம். சராசரியாக மாதம் இரண்டு. இன்று எந்த ஆலையும் இதைப் பெருந்தொகுப்பு என்று சொல்லாது. ஒரு பெரிய பட்டறை, அவ்வளவே. அந்த அளவில் லாபம் வர வேண்டும் என்றால் டை இல்லாத நெளித் தகடு போன்ற ஒரு யோசனை இருந்தே ஆக வேண்டும். 2016-ல் சுவிட்சர்லாந்தில் இதன் புதிய பிரதி ஒன்று பறந்தது. அதற்குப் பின்னால் இருந்தது ரிமோவா.

பணம் மட்டும் அவருக்குக் கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. தோற்ற ஜெர்மனி விமானம் கட்ட நேச நாடுகள் தடை போட்டன. 1922-ல் மாஸ்கோ அருகே ஃபிலி என்ற இடத்தில் ஆலை தொடங்க சோவியத் அரசுடன் ஒப்பந்தம் போட்டார். பின்னால் இருந்து தூண்டியது ஜெர்மன் ராணுவம். நஷ்டம் வந்தபோது ராணுவம் நைசாகக் கழன்றுகொண்டது. கடனில் மாட்டிய யுங்கர்ஸ் தன் விமானப் போக்குவரத்து நிறுவனத்தை இழந்தார். அதை இன்னொரு நிறுவனத்துடன் இணைத்து 1926 ஜனவரியில் தொடங்கியதுதான் லுஃப்தான்சா. ஆமாம், அதே லுஃப்தான்சா. விமான ஆலையை மட்டும் போராடி மீட்டார்.

அந்த நாட்களில் டெஸாவ் ஒரு கலகலப்பான ஊர். உலகப் புகழ்பெற்ற பௌஹவுஸ் டிசைன் பள்ளி 1925-ல் அங்கே குடியேற, ஆதரவு தந்தவர்களில் யுங்கர்ஸும் ஒருவர். உலோகத் தகடால் வீடு கட்டும் ஆராய்ச்சியும் அவரது ஆலையில் ஒரு மூலையில் நடந்தது. 1928 ஏப்ரலில் அவரது விமானம் ஒன்று அயர்லாந்தில் இருந்து கிளம்பி, எதிர்க்காற்றில் அட்லாண்டிக்கை கிழக்கில் இருந்து மேற்காக நிற்காமல் கடந்தது. அந்தத் திசையில் அதுவே முதல் முறை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1929-ல் வந்த ஏ50 ஜூனியர். இரண்டே இருக்கை. சாதாரண ஆட்கள் சொந்தமாக வாங்கி ஓட்டும் விமானம் வேண்டும் என்ற ஆசையில் செய்தது. இதற்கும் அதே நெளித் தகடுதான். 1931-ல் மார்கா ஃபான் எட்ஸ்டார்ஃப் என்ற பெண் விமானி இதில் பெர்லினில் இருந்து டோக்கியோ வரை தனியாகப் பறந்து போனார். ஆனால் உலகப் பொருளாதாரமே சரிந்த நேரம். யார் வாங்குவார்கள்? மொத்தம் 69 கட்டியதோடு நின்றுபோனது.

முன்னாள் ஊழியர் கொடுத்த அடி

1932-ல் நிலைமை முற்றியது. விமானத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த கீசர் கம்பெனியையே ராபர்ட் பாஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஆலையையும் ஆராய்ச்சியையும் காப்பாற்ற அந்தப் பணம் உதவும் என்று நம்பினார். சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

புதிய ஆட்சிக்கு விமானப்படை வேண்டும், ரகசியமாக, உடனே, ஆயிரக்கணக்கில். ஜெர்மனியின் பெரிய உலோக விமான ஆலை ஒரு 74 வயது பேராசிரியரிடம் இருந்தது. காப்புரிமைகளும் அவரிடம்தான். நாஜிகள் மேல் அவருக்கு அபிமானம் கிடையாது, அடுத்தவர் சொல்கிறபடி ஆடுகிற பழக்கமும் கிடையாது. கெரிங்கின் விமான அமைச்சகம் களத்தில் இறங்கியது. காரியத்தை முன்னின்று நடத்தியவர் எர்ஹார்ட் மில்ஷ். ஒரு காலத்தில் யுங்கர்ஸின் விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்து மேலே வந்தவர். தேசத் துரோக வழக்கு பாயும் என்று மிரட்டினார்கள். 1933 ஜூனில் காப்புரிமைகளை எழுதி வாங்கினார்கள். அக்டோபரில் 51 சதவீதப் பங்குகள் கைமாறின. டெஸாவுக்குள் வரத் தடை. மலையடிவார ஊரான பைரிஷ்செல்லில் ஏறக்குறைய வீட்டுக் காவல்.

1935 பிப்ரவரி 3. தன் 76-வது பிறந்த நாளன்று, மியூனிக் அருகே கௌடிங் என்ற ஊரில் இறந்தார். மிச்சப் பங்குகளை அவர் மனைவியிடம் இருந்து அரசு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டூகா பறந்தது. அவர் காலத்தில் வரைந்து 1932-ல் மூன்று என்ஜினுடன் வந்த ஜுயூ52 என்ற பயணிகள் விமானமும் ராணுவச் சுமைவண்டியானது. எஃப்13 மொத்தமே 300 சொச்சம் என்று பார்த்தோம். ஜுயூ52 கிட்டத்தட்ட 4,800.

நெளித் தகடின் காலமும் அத்தோடு முடிந்தது. வேகம் கூடக் கூட வழவழப்பான தகடே ஜெயித்தது. அமெரிக்காவின் டக்ளஸ் ஆலையில் 1930-களில் கெரின் முறை என்று ஒன்று வந்தது. கீழே மட்டும் வடிவக் கட்டை வைத்து, மேல் டைக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் மெத்தையால் அழுத்துவது. பாதி டை மிச்சம். இன்றும் வீட்டில் விமானம் கட்டுபவர்களில் சிலர், ஹைட்ராலிக் ஜாக்கியும் ரப்பர் பாளமும் வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். 1960-களில் ஜான் தார்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் வீட்டில் கட்டுவதற்கென்றே டி-18 என்ற முழு அலுமினிய விமானத்தை வரைந்தபோது, முடிந்த இடத்திலெல்லாம் தகடை ஒரே திசையில் மடக்கினால் போதும் என்கிற மாதிரி வடிவத்தை அமைத்தார்.

விற்காமல் நின்றுபோன ஏ50 ஜூனியரை இப்போது ஜெர்மனியில் மறுபடி கட்டி விற்கிறார்கள். நெளித் தகடு அப்படியே இருக்கிறது. மூக்கில் மட்டும் பழைய என்ஜினுக்குப் பதிலாக, இன்றைய குட்டி விமானங்களில் சகஜமாகப் பார்க்கும் ரோட்டாக்ஸ்.